தறிச் சத்தத்துக்குள் ஒரு குரல்

அத்தியாயம் பன்னிரண்டு

"உன் பேரைக் குடுத்துட்டேன்."

"எங்க?"

"குமாரசாமி அச்சகம் இருக்குதில்ல, அதுக்கு மேல் மாடியில. ஞாயித்துக்கிழமையானா கதை எழுதறவங்கல்லாம் கூடறாங்களாம். கடைக்கு பில் புக் அடிக்கப் போனேன். போர்டைப் பார்த்தேன். குடுத்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம?"

"கேட்டா வேணாம்பே. அப்புறம் ஒரு வாரத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு திரிவே."

"ஞாயித்துக்கிழமை மாவு யாரு அரைக்கறது?"

"நான்."

"கிரைண்டருக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம்னாவது தெரியுமா உனக்கு?"

"கேளேன்... தேடினா கிடைக்காமலா போயிடும்?"

மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசிய பேச்சு அது. கதிர்வேல் எதைச் சொல்வதானாலும் 'கேளேன்' என்றுதான் தொடங்குவான். பெரியவர்கள் காதில் விழாத இடமாகப் பார்த்துத்தான் மனைவி கீர்த்தி அவனை 'நீ' என்பாள். அன்று அவன் ஈரத்துண்டை உதறி அவள் முகத்தில் தண்ணீர் தெறிக்கவிட்டதுகூட நினைவில் இருக்கிறது.

அவள் அந்த அச்சகத்து மாடிப்படி ஏறுவதற்குள் அவன் போய்விட்டான். வாலாஜாபாத் சாலையில், மழையில், எதிரே வந்த லாரியில் மோதி.

ஒரு வருடம் கழித்து, எழுத்து வட்டத்தை நடத்தும் ஷாரோன் வீடு தேடி வந்தாள். கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிறவள். "உங்க வீட்டுக்காரர் உங்க பேரை எழுதிக் குடுத்துட்டுப் போனார். நீங்க வரவேயில்லை. உங்களுக்குன்னு ஒரு நாற்காலி காலியாவே இருக்கு" என்றாள். விஷயம் தெரியாமல் வந்தவள், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்தி போனாள்.

அங்கேதான் அந்தக் கதை பிறந்தது. செத்துப்போன ஒருவன் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். யாரையும் பயமுறுத்துவதில்லை. மத்தியான வேளையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, 'கேளேன்' என்று பேச்சை ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் கதை.

எழுத அவளுக்குக் கை ஒழியாது. மாமனார் கலியாணசுந்தரம் கூடத்தில் தறி நெய்வார். அவருக்கு வேண்டிய பட்டு இழையைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவது கீர்த்தியின் வேலை. பின்கட்டு அறையில் ஒரு கை ராட்டையைச் சுற்றும், மறு கை இழையைப் பிடிக்கும். அதனால் அலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, கதையை வாயால் சொல்லிப் பதிவு செய்வாள். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு எழுதுவாள். கதிர்வேல் பேசும் இடம் வந்தால் அவள் குரல் தானாகவே தாழ்ந்து, அவன் இழுப்பும் அவன் நிறுத்தமுமாக மாறிவிடும்.

யாருக்கும் கேட்காது. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே கீர்த்திக்குக் காதில் விழுவதில்லை. வாலாஜாபாத்தில் ஒரு தபால்காரரின் மகளாக, தறி இல்லாத வீட்டில் வளர்ந்தவள். தடக் தடக் என்று பலகை விழும் சத்தம் தன்னைச் சுற்றி ஒரு சுவர் கட்டிவிடுவதாக அவள் நம்பினாள்.

ஆனால், அவள் சொன்னதெல்லாம் அந்த வீட்டில் நடக்க ஆரம்பித்தது.

கதையில் அவன், "கேளேன், பச்சை மொச்சை சீசன் வந்துடுச்சே, குழம்பு வெச்சா ஆகாதா?" என்றான். அன்று இரவே தட்டில் மொச்சைக் குழம்பு. அவன் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் வாயெடுத்துக் கேட்காத குழம்பு. தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவன், "இந்த ஃபேன் கிறீச் கிறீச்னுது, தூங்க முடியலை" என்றான். மறுநாள் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. கீர்த்தி படுக்கையில் கண் விழித்து, சுழலும் இறக்கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நேற்று அவன் சொன்னான்: "கேளேன், என் செருப்பை ஏன் பரண்ல தூக்கிப் போட்டீங்க? வாசல்ல கிடந்தாத்தானே நான் வீட்ல இருக்கறேன்னு தெரியும்?"

இன்று ஞாயிற்றுக்கிழமை.

கோலம் போடக் கதவைத் திறந்த கீர்த்தி, கோலமாவு டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வாசற்படிக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு. பழுப்புத் தோல். இடது செருப்பின் வாரில் மட்டும் கறுப்பு நூல் தையல். தூசி துடைத்து, எண்ணெய் தடவி, பக்கத்தில் பக்கமாக. முனை இரண்டும் வீட்டைப் பார்த்திருந்தன, இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போன மாதிரி.

திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். யாருமில்லை. தறி மட்டும் இருந்தது.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த கலியாணசுந்தரம், நெற்றி நிறைய திருநீறோடு படி ஏறினார். குனிந்து பார்த்தார்.

"வாசல்ல செருப்பு கிடக்குதே. யாரு வந்திருக்கறது?"

கேட்டு முடித்த பிறகுதான் அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. கறுப்பு நூல் தையல் போட்டது அவர்தான்.

"யாரும் வரலை மாமா" என்றாள் கீர்த்தி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ம்" என்றார். செருப்பை மிதிக்காமல், தள்ளிவிடாமல், அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் பலகையைத் தொடவில்லை.

"காபி ஆறுது, ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க அங்க?" என்று சமையலறையிலிருந்து மாமியார் ஏலவார்குழலியின் குரல் வந்தது. எப்போதும் போன்ற குரல். கீர்த்தி தம்ளரை வாங்கப் போனபோது தைல வாசனை அடித்தது.

"முட்டி வலி ஜாஸ்தியா அத்தை?"

"பனிம்மா. வேற ஒண்ணுமில்லை. நீ சீக்கிரம் கிளம்பு, உன் கதைக்காரங்க காத்துக்கினு இருப்பாங்க."

செருப்பைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் வாசல் பக்கம் வந்திருக்கமாட்டாள் என்று கீர்த்தி நினைத்தாள். பார்த்தால் தாங்குவாளா? கிளம்பும்போது எடுத்து ஒளித்து வைக்கலாமா என்று கை போனது. தொட முடியவில்லை.

*

அச்சகத்து மாடியில் எப்போதும் மை வாசனை. அடுக்கி வைத்த கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள். எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது என்பது அந்த வட்டத்தின் வழக்கம். வேறொருவர் படிக்க வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். 'உங்க கதை வெளியில போயி எப்படி நிக்குதுன்னு அப்பத்தான் தெரியும்' என்பாள் ஷாரோன்.

இன்று கீர்த்தியின் கதை பழனி கையில் போய்ச் சேர்ந்தது. பழனிக்கு மருந்துக்கடை. வாரம் தவறாமல் காதல் கதை எழுதுகிறவர்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். செருப்பு வரும் இடத்தில், "வாசல்ல கிடந்தாத்தானே நான் வீட்ல இருக்கறேன்னு தெரியும்?" என்று நிறுத்தினார். அந்நிய ஆண்குரலில் அந்த வரியைக் கேட்டதும் கீர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலையில் பார்த்த கறுப்பு நூல் கண்முன் வந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள், அவர் படித்து முடித்ததும். "எழுதினா... எழுதினது நடக்குமா?"

"நடந்தா நம்ம பழனி அண்ணன் இந்நேரத்துக்கு எத்தனை கல்யாணம் பண்ணியிருப்பாரு!" என்றாள் ஷாரோன்.

"ஏம்மா, நான் ஒரு கல்யாணத்தையே சமாளிக்க முடியாமத்தான் இங்க வந்து உக்கார்ந்துக்கினு இருக்கறேன்" என்றார் பழனி. மாடி முழுதும் சிரித்தது. கீர்த்தி சிரிக்கவில்லை.

எல்லோரும் டீ குடிக்க இறங்கிய பிறகு ஷாரோன் அவளை மட்டும் நிறுத்தினாள்.

"உட்காரு. உன்கிட்டக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன். உன் கதையோட முதல் ஆறு பாகத்தைச் சென்னையில ஒரு ஒலிக்கதை கம்பெனிக்கு அனுப்பினேன். கதைகளை நடிக்க வெச்சுப் பதிவு பண்ணி, போன்ல கேக்கற மாதிரி போடறாங்கல்ல, அவங்க. நேத்து கூப்பிட்டாங்க. வேணுமாம்."

கீர்த்தி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"இன்னும் முடியலை, கேளு. அங்கேயே வந்து உட்கார்ந்து எழுத ஆள் தேடறாங்க. மாசச் சம்பளம். தங்கறதுக்கு ஹாஸ்டல். உன்னைக் கேக்கறாங்க."

என்னைக் கேட்காமல் என் பேரைக் கொடுக்கிறவர்களே எனக்கு வாய்க்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியவுடன் கண் நிறைந்தது.

"ஆனா கடைசி பாகம் இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேணும். அவன் வீட்டை விட்டுப் போகணும் கீர்த்தி. போனாத்தான் கதை முடியும். நீ மூணு வாரமா அந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பிடறே."

"தெரியுது மேடம்."

"மனசு வரலையா?"

கீர்த்தி புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நான் போகச் சொன்னா அவர் போயிடுவாரு மேடம். அதான் பயம்."

ஷாரோன் அவளை உற்றுப் பார்த்தாள். பைத்தியம் என்று சொல்லவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

*

ஆட்டோவில் திரும்பும்போது, அத்தையிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'அத்தை, நான் சென்னைக்குப் போகட்டுமா?' நாலே வார்த்தை. கொடுமை செய்கிற மாமியாராக இருந்தால் என்றைக்கோ கேட்டிருப்பாள். ஏலவார்குழலி அவளை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவன் போன பிறகு, 'எங்களுக்குன்னு இனி நீதான்' என்று தலையில் எண்ணெய் வைத்துவிட்டவள். அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போவதா? இரண்டு பேரையும் அந்தப் பெரிய வீட்டில் தனியே விட்டுவிட்டா?

தனியேவா? ஆட்டோவை விட்டு இறங்கியபோது வாசலில் செருப்பு இன்னும் இருந்தது.

சாப்பாட்டின்போது, "இன்னா சொன்னாங்க உன் கதையை?" என்றாள் ஏலவார்குழலி.

"நல்லாருக்குதுன்னாங்க அத்தை."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வருபவளைப் போல உதடு அசைந்தது. பிறகு ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துபோனாள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்.

கலியாணசுந்தரம் தறியில் உட்கார்ந்தார். அமாவாசை தவிர அந்தத் தறிக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்றுதான். தடக் தடக் என்று சத்தம் எழுந்து வீட்டை நிறைத்ததும் கீர்த்தி பின்கட்டு அறைக்குப் போனாள். ராட்டை முன் உட்கார்ந்தாள். அலைபேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

பிறகும் வெகுநேரம் ராட்டையை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பட்டிழை குழலில் ஏறியது. பக்கத்தில், வழக்கமாக அவன் உட்காரும் இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். கதையில் அவன் உட்காரும் இடம், அவ்வளவுதானே? இருந்தும் அந்தப் பக்கம் பாயை மிதிக்காமல்தான் இத்தனை மாதமாக நடக்கிறாள்.

"கேளேன்" என்றாள், அவன் குரலில்.

நிறுத்தினாள்.

"ச்சே, மறுபடியும்... கேளேன். நான் கிளம்பறேன். இனிமே மத்தியானத்துல வரமாட்டேன். நீ எனக்காக இந்த ராட்டைகிட்டயே உக்காந்துக்கினு இருக்காதே..."

சமையலறையில் ஏதோ விழுந்தது. எவர்சில்வர் பாத்திரம். தறிச் சத்தத்தையும் மீறி அது தரையில் உருண்டு, சுழன்று, அடங்கியது.

கீர்த்தி அலைபேசியோடு எழுந்து ஓடினாள்.

ஏலவார்குழலி இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் கவிழ்ந்த சொம்பு. தண்ணீர் ஓடிப் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"போறேன்னுட்டானா?" என்றாள்.

"யாரு அத்தை?"

"இப்ப சொன்னியே. கிளம்பறேன்னு. இனிமே வரமாட்டேன்னு."

கீர்த்தி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிக் கேட்டுது? தறி ஓடுதே!"

"தறி ஓடினா இன்னாமா? இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்தச் சத்தத்துலதான் பேசறேன், கேக்கறேன். தூளியில புள்ள சிணுங்கினாக்கூட அதுக்குள்ளதான் கேப்பேன். தறி நின்னாத்தான் எனக்குக் காது அடைச்சிக்கும்."

கீர்த்தி மெல்ல எதிரே உட்கார்ந்தாள். ஈரம் அவள் புடவையிலும் ஏறியது.

"அப்ப... மொச்சைக் குழம்பு?"

"நான்தான்."

"ஃபேனு?"

"உங்க மாமாவை எண்ணெய் ஊத்தச் சொன்னேன். எதுக்குடி இப்பன்னாரு. ஊத்துங்கன்னா ஊத்துங்கன்னேன்."

"செருப்பு? அது பரண்ல இல்ல இருந்துது!"

"முக்காலி போட்டு ஏறினேன். எறங்கும்போது முட்டி போச்சு."

கீர்த்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் எப்படி பயந்தேன் தெரியுமா அத்தை? நெஜமாவே அவர் வந்துட்டாருன்னு... காலைலேர்ந்து எனக்கு உயிரே இல்ல!"

"நான் பயப்படலியா? மொத நாளு கேட்டப்போ கையும் ஓடலை காலும் ஓடலை. வாய் உன்னுது, பேச்சு அவன்து. அடிப்பாவி, புள்ளைக்கு என்னமோ புடிச்சிக்கிச்சேன்னு காமாட்சி கோயில் குங்குமத்தைக் கொண்ணாந்து உன் தலகாணிக்கடியில வெச்சேன்."

"அது நீங்களா? உறையெல்லாம் செவப்பாயிருந்துது."

"அப்புறம் ஒரு நாளு நீயே, 'ச்சே, இந்த வரி நல்லால்ல, மறுபடியும்'னே. எந்தப் பேயிமா வரி நல்லால்லன்னு திரும்பச் சொல்லும்?"

கீர்த்திக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. ஏலவார்குழலியும் சிரித்தாள். இருவரும் ஈரத்தரையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். கூடத்தில் தறி ஒரு நொடி தயங்கி, மீண்டும் ஓடியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீர்த்தி கேட்டாள். "கதைன்னு தெரிஞ்ச பிறகும் ஏன் அத்தை?"

"தெரிஞ்சா இன்னா? மத்தியானம் ஆனா அவன் பேசறது கேக்குது. மொச்சைக் குழம்பு வேணுங்கறான். பெத்தவ வெக்காம இருப்பனா?"

கீர்த்தி சுவரைப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒருத்தி காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒருத்தி பாயைப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னைக்கு முடிச்சாகணும் அத்தை" என்றாள். "ராத்திரிக்குள்ள கேட்டிருக்காங்க. முடிச்சுக் குடுத்தா எனக்கு..." சென்னை என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. "முடிக்கணும். ஆனா நீங்க சொன்னா முடிக்கலை. அவர் இருக்கட்டும்."

ஏலவார்குழலி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். மெதுவாக, ஒரு சொட்டு விடாமல்.

"வேணாம். முடிச்சிடு. அவனும் எத்தினி நாளுதான் வந்துக்கினே இருப்பான்? போவட்டும்."

சொல்லிவிட்டு எழப் பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. கீர்த்தி கை கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்தவள் எழவில்லை, விடவுமில்லை. கீர்த்தியின் இன்னொரு கையில் அலைபேசி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருக்கறேன்மா. சொவத்துக்கு இந்தாண்ட நிக்கற ஒவ்வொரு நாளும் கேக்கலாம்னு வருவேன். வாய் வராது. ஒளிஞ்சு கேட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு போயிடுவேன்."

"கேளுங்க அத்தை."

"நீ என்னைத் தப்பா நெனைக்கக் கூடாது."

"மாட்டேன்."

"உன்கிட்ட எவ்வளவோ பேசறான். அப்பா தறியைப் பத்திப் பேசறான், அப்பாவைக் கிண்டல் பண்றான். ஃபேனைத் திட்டறான். எல்லாம் கேட்டுக்கினுதான் இருக்கறேன்." அவள் குரல் தறிச் சத்தத்துக்கு அடியில் போனது. ஆனாலும், முதல் முறையாக, கீர்த்திக்கு அந்தச் சத்தத்துக்குள் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னை 'அம்மா'ன்னு கூப்பிடச் சொல்லும்மா."